பிரேக் மிதித்தால் மீற்றர் லைற் எரியும் வண்டி

யாழ்ப்பாணம் நீர்வேலியில் வாழைக்குலை ஏற்றிக்கொண்டு சுன்னாகம் சந்தைக்குப் போகும் நாட்களில் விடிய நாலு மணிக்கே எழும்பிவிடுவேன். அன்றைக்கும் அப்படித்தான். பிக்கப்பை ஸ்டார்ட் செய்து, லைற் ஒன்றும் போடாமல், ஒழுங்கைக்கு எடுக்கலாம் என்று பிரேக்கில் காலை வைத்தேன். மீற்றர் போர்ட் மங்கலாக எரிந்தது. காலை எடுத்தேன், அணைந்தது. மறுபடியும் மிதித்தேன், எரிந்தது. படலையைத் திறந்துவிட நின்ற மனைவி கையைக் காட்டி மறித்தா.

"இஞ்சாருங்கோ, நீங்கள் சிக்னல் போட்டனீங்களோ? முன்னால ரெண்டு பக்கமும் மஞ்சளா எரியுது."

நான் சிக்னல் போடவில்லை. இறங்கிப் பார்க்க, கடப்பாரையை எடுத்துப் பிரேக் பெடலுக்கும் சீற்றுக்கும் இடையில் முட்டுக்கொடுத்துவிட்டுப் பின்னால் போனேன். பிரேக் லைற் இரண்டும் அவியப்போகும் கரிக்கட்டைபோல் இருந்தன. முன் சிக்னல் இரண்டும் சேர்ந்து மங்கலாக எரிந்தன. பார்க் லைற்றைப் போட்டதும் பின் சிவப்பு லைற் ஓரளவு நன்றாகவே எரிந்தது. ஆனால் அந்த நேரம் பிரேக்கை மிதித்தால் வெளிச்சம் கூடுவதற்குப் பதிலாகக் குறைந்தது. இருட்டில் பின்னால் வருகிற மோட்டார் சைக்கிள்காரன் நான் பிரேக் பிடிப்பதை எப்படி அறிவான்? அன்று குலைகளை மச்சானின் லான்ட்மாஸ்ரரில் அனுப்பிவிட்டேன்.

அது திங்கட்கிழமை. அதே வாரத்தில் இன்னும் இரண்டு பழுது வந்தது. மூன்றையும் தேடிக் கண்டுபிடிக்கப் பத்து நாள் போனது. எங்கள் பக்கத்தில் என்னைப்போல் பழைய ஹைலக்ஸ் பிக்கப் வைத்திருக்கிறவர்கள் நிறையப்பேர். இலங்கையில் வாகன இறக்குமதியை 2020 இல் நிறுத்தியதிலிருந்து பழைய வண்டியை விற்க ஒருவருக்கும் மனம் வரவில்லை. 2025 இல் திறந்துவிட்ட பிறகும் புதிது வாங்கும் நிலையில் நான் இல்லை. என்னைப்போல் வளவுக்குள்ளேயே கழற்றிப் பூட்டுகிறவர்களுக்கு உதவும் என்றுதான் இவ்வளவு விபரமாக எழுதுகிறேன்.

என் வண்டி 1994 ஆம் ஆண்டு ரொயோட்டா ஹைலக்ஸ். 2.8 லீற்றர் 3எல் டீசல் எஞ்சின். எஞ்சினைப் பற்றி ஒரு குறையும் சொல்லமாட்டேன். முன்பு வைத்திருந்தவர் காரைநகர்ப் பக்கம் மீன் ஏற்றியவர். ஐஸ் உருகி ஒழுகும் உப்புத் தண்ணீர் பல வருடமாகப் பின் பெட்டியின் தளத்தில் ஊறி, அடியில் துருப்பிடித்து, சில இடத்தில் விரலால் குத்தினால் ஓட்டை விழும் அளவுக்கு வந்திருந்தது. மாரி தொடங்க முதல் அதைச் சரிசெய்ய வேண்டும் என்று ஒரு கிழமை வண்டியை நிறுத்தினேன். நிறுத்தியதுதான் நிறுத்தியது, மற்ற வேலைகளையும் முடிப்போம் என்று மூன்று காரியத்தில் கை வைத்தேன்.

முதலாவது, பின் பெட்டியைச் சசியிலிருந்து (வண்டியின் இரும்பு அடிச்சட்டம்) கழற்றி, துருவை வெட்டித் தகடு வைத்து ஒட்டி, சிவப்பு ஒக்சைட் அடித்து, அதற்குமேல் கறுப்புப் பெயின்ற் இரண்டு தரம் அடித்தேன். சசியின் பின்பகுதிக்கும் அடித்தேன். இரண்டாவது, ஸ்டார்ட்டரைக் கழற்றி உள்ளே இருக்கும் செப்புத் தகடுகளை மாற்றினேன். பழைய ரொயோட்டா டீசல் வண்டியில் சாவியைத் திருப்ப ‘டிக்’ என்ற சத்தம் மட்டும் கேட்டு எஞ்சின் சுற்றாமல் நின்றால், பத்தில் எட்டுத் தரம் அந்தத் தகடுகள் தேய்ந்திருக்கும். முழு ஸ்டார்ட்டரையும் மாற்றத் தேவையில்லை. மூன்றாவது, ஓடும்போது பற்றறிக்குச் சார்ஜ் கொடுக்கும் அல்ரனேற்றரின் காபன் பிரஷ் மாற்றினேன். அதைக் கழற்றும்போது அதன் மூன்று வயர்க் கனெக்டர் முப்பது வருட வெக்கையில் காய்ந்து, கையிலேயே அப்பளம்போல் நொறுங்கியது. வயர்களைத் தனித்தனியாக இணைத்து டேப் சுற்றினேன்.

எல்லாம் முடித்து ஞாயிறு பின்னேரம் ஸ்டார்ட் செய்தபோது எஞ்சின் பிடித்தது. சந்தோசமாகக் குளிக்கப் போனேன். திங்கள் விடிய மேலே சொன்ன கதை.

பின் லைற்றில் இருந்து தொடங்குகிறேன், ஏனென்றால் அதில்தான் என் நேரம் அதிகம் போனது. முதலில் பல்ப்பைச் சந்தேகித்தேன். பிரேக்குக்கும் பார்க்குக்கும் ஒரே பல்ப்பில் இரண்டு இழை இருக்கும். பிரேக் இழை 21 வாட், பார்க் இழை 5 வாட். அதன் அடியில் இருக்கும் இரண்டு முளைகளும் வெவ்வேறு உயரத்தில் இருப்பதே தலைகீழாகப் போகாமல் இருக்கத்தான். சிலர் ஒற்றை இழைப் பல்ப்பை அந்த இடத்தில் அமத்திப் பூட்டிவிடுவார்கள். அப்போது அடியில் உள்ள இரண்டு தொடுமுனைகளும் ஒன்றாகி, பிரேக் மிதித்தால் பார்க் லைற்றும் மீற்றர் லைற்றும் முழு வெளிச்சத்தில் எரியும். என்னுடையது மங்கலாக எரிந்தது. பல்ப்புகளும் சரியானவைதான்.

அடுத்ததாக வோல்ற், ஓம், அம்பியர் அளக்கும் மல்ரிமீற்றரை எடுத்தேன். பிரேக் வயரில் 12.3 வோல்ற் வந்தது. குறை இல்லை. ஏர்த் வயரைப் பார்த்தேன், அதாவது பல்ப்புக்குப் போன கரண்ட் வண்டியின் இரும்பு வழியாகப் பற்றறி நெகட்டிவுக்குத் திரும்பும் வயர். ரொயோட்டாவில் ஏர்த் வயர் வெள்ளையில் கறுப்புக் கோடு போட்டது. அது பின்னால் சசியில் ஒரு சின்ன போல்ட்டில் வளையம் வைத்து இறுக்கியிருக்கும். மீற்றரை, கரண்ட் போக வழி இருந்தால் சத்தம் போடும் நிலையில் வைத்து ஒரு முனையை வளையத்திலும் மற்றதைச் சசியிலும் வைக்க, ‘பீப்’ என்றது. ஆகவே ஏர்த்தும் சரி என்று முடிவு கட்டினேன். அந்தப் பீப்பை நம்பியதால் மூன்று நாள் போனது.

மலிவான மீற்றர்கள் இருபது முப்பது ஓம் தடை இருந்தாலும் பீப் என்றுதான் சொல்லும். மீற்றர் தன் சோதனைக்கு அனுப்புவது மிகச் சிறிய மின்னோட்டம். அது ஒரு நூலிழை வழியாகவும் போய்விடும். ஆனால் இரண்டு பிரேக் பல்ப்புக்கும் சேர்த்து மூன்றரை அம்பியர் போகவேண்டும். ஒற்றையடிப் பாதையில் சைக்கிள் போகும், லொறி போகாது. மூன்றாம் நாள் மீற்றரை ஓம் நிலையில் வைத்துப் பார்த்தபோது பதினெட்டு ஓம் காட்டியது. அரை ஓம் இருந்தாலே அதிகம் என்று சொல்லவேண்டிய இடம் அது.

இதற்கிடையில் வலது பக்க லைற் பெட்டியை முழுதாகக் கழற்றி, மூன்று வயரை வெட்டி, புதிதாக இணைத்து, ஒரு புதுப் பல்ப் ஹோல்டரும் வாங்கிப் போட்டேன். ஒரு மாற்றமும் இல்லை. இனிக் காசு செலவழிக்க முதல் ஒருவரைக் கேட்போம் என்று எங்கள் ஒழுங்கை முடியும் இடத்தில் வயரிங் வேலை செய்யும் அண்ணையிடம் போனேன். அவர் ஒரு முச்சக்கர வண்டியின் அடியில் படுத்திருந்தார். எழும்பவில்லை. நான் சொன்னதை முழுதும் கேட்டுவிட்டு ஒரு கேள்விதான் கேட்டார்.

"தம்பி, நீர் கடைசியா என்னத்தில கை வைச்சனீர்?"

"பெட்டியக் கழட்டிப் பெயின்ற் அடிச்சனான் அண்ணை."

"ஏர்த் போல்ட்டுக்குக் கீழயும் பெயின்ற் அடிச்சனீரோ?"

நான் பதில் சொல்லவில்லை. அந்த நேரம் எனக்குப் பத்து வயதில் நடந்த ஒன்று ஞாபகத்துக்கு வந்தது.

1990 இல் யாழ்ப்பாணத்துக்கு மின்சாரம் நின்ற பிறகு எங்கள் வீட்டில் செய்தி கேட்டது சைக்கிள் டைனமோவில்தான். அப்பா சைக்கிளைத் தலைகீழாக நிறுத்திவைப்பார். நான் பெடலைச் சுற்றுவேன். டைனமோவின் ஒரு வயரும், சைக்கிள் பிரேமிலிருந்து இன்னொரு வயரும், நாலு டயோட்டுக்குள் போய், ரேடியோவுக்கு வரும். கைவலியில் நான் மெதுவாகச் சுற்றினால் வாசிப்பவரின் குரல் தாழ்ந்து போகும். ஒருநாள் சைக்கிளுக்குப் புதிதாகப் பச்சைப் பெயின்ற் அடித்தோம். அன்று இரவு ரேடியோ பேசவில்லை. அப்பா டோர்ச்சைப் பிடித்து டைனமோ பூட்டும் பிடியைக் காட்டினார். அதில் நுனி கூரான ஒரு சின்னத் திருகாணி இருக்கும். அது வேறொன்றையும் பிடித்து வைப்பதற்கல்ல. பெயின்ற்றைக் குத்திக்கொண்டு உள்ளே போய் இரும்பைத் தொடுவதற்கு. அதை அவர் ஒரு சுற்று இறுக்கினார், ரேடியோ பேசியது.

அப்பா யாழ் நகரில் ஒஸ்ரின் ஏ40 கார் வாடகைக்கு ஓட்டியவர். மண்ணெண்ணெயில் ஓடிய காலத்து வண்டி. பெற்றோலைக் கொஞ்சம் காட்டி ஸ்டார்ட் செய்து, சூடேறியதும் மண்ணெண்ணெய்க்கு மாற்றுவார்கள். அந்தக் காலத்து இங்கிலாந்து வண்டிகளில் பற்றறியின் பொசிற்றிவ் முனைதான் பொடியில் (வண்டியின் உடலில்) ஏர்த்தாக இருக்கும். இன்றைய வண்டிக்கு நேர்மாறு. அதனால் ஏர்த் என்ற சொல்லை அப்பா சும்மா சொல்லமாட்டார். எந்த முனை, எந்த போல்ட், எவ்வழியால் திரும்பி வருகிறது என்று கேட்பார். "கரண்ட் போறதை எல்லாரும் பாப்பாங்கள். திரும்பி வாற வழியப் பார்" என்பது அவர் வாயில் அடிக்கடி வரும்.

அண்ணையிடமிருந்து நேரே வீட்டுக்கு வந்து, பத்து மீற்றர் வயரை எடுத்து, ஒரு முனையைப் பற்றறியின் நெகட்டிவில் பிடித்து, மறுமுனையை முதலைக் கிளிப்பால் பின் லைற்றின் வெள்ளை கறுப்பு வயரில் கொளுவினேன். மகனைப் பிரேக் மிதிக்கச் சொன்னேன். பின்னால் இருந்த மதில் முழுக்கச் சிவந்தது. மீற்றர் போர்ட் இருட்டாகவே இருந்தது. "அப்பா, வந்திட்டுது!" என்று கபினுக்குள்ளிருந்து கத்தினான்.

நடந்தது இதுதான். பின் லைற்றுகள் எல்லாவற்றுக்கும் திரும்பிப் போக ஒரே ஒரு ஏர்த் வயர். பெயின்ற்றில் அது அடைபட்டதும், பிரேக் பல்ப் வழியாக வந்த கரண்ட் போக இடமில்லாமல் பக்கத்து இழைகளுக்குள் புகுந்தது. சிக்னல் பல்ப்புக்குள் நுழைந்து முன் சிக்னல் வரை போய் அங்கே ஏர்த்தைப் பிடித்தது. பார்க் இழைக்குள் நுழைந்து மீற்றர் லைற் வரை போய் அங்கே இறங்கியது. போன வழியெல்லாம் பல்ப்புகளை மங்கலாக எரித்தது. ஒரு லைற்றைப் போட வேறொரு லைற் எரிந்தால் முதலில் ஏர்த்தைப் பாருங்கள். பல்ப் வாங்கப் போகாதீர்கள்.

மீற்றரால் இதை ஒழுங்காகப் பார்ப்பது எப்படி என்றும் சொல்லவேண்டும். பல்ப்பை எரியவிட்டபடியே, மீற்றரை வோல்ற்றில் வைத்து, ஒரு முனையைப் பற்றறி நெகட்டிவிலும் மற்றதை லைற்றின் ஏர்த்திலும் வையுங்கள். நல்ல ஏர்த்தென்றால் 0.1, கூடினால் 0.2 வோல்ற். கிளிப்பைக் கழற்றிவிட்டு என் வண்டியில் பார்த்தபோது 7.6 காட்டியது. பன்னிரண்டில் ஏழரை வோல்ற் திரும்பும் வழியிலேயே தொலைந்துபோயிருக்கிறது. வேலை செய்யாமல் நிற்கும் வயரில் 12 வோல்ற் காட்டுவதற்கு ஒரு பெறுமதியும் இல்லை. பதினைந்து இழையில் பதினான்கு அறுந்த வயரும் 12 காட்டும். அதனால் இப்போது நான் 21 வாட் பல்ப் ஒன்றுக்கு இரண்டு வயர் பிடித்து, அதையே சோதனைக் கருவியாக வைத்திருக்கிறேன். அது பிரகாசமாக எரிந்தால்தான் வயர் நல்ல வயர்.

போல்ட்டைக் கழற்றி, வளையம் உட்காரும் இடத்தை எமறித் தாளால் வெள்ளி நிறம் தெரியும்வரை உரஞ்சி, பல்லு வாசர் போட்டு இறுக்கி, அதன் மேலே கிறீஸ் பூசினேன். கிறீஸ் இறுக்கிய பிறகுதான் பூசவேண்டும். அத்துடன் நிற்காமல், பின் லைற்றிலிருந்து பற்றறி நெகட்டிவ் வரைக்கும் தனியாக ஒரு ஏர்த் வயரும் இழுத்தேன். பண்ணைப் பாலத்தால் தீவுப் பக்கம் ஓடுகிற வண்டிகளும், மீன் ஏற்றுகிற வண்டிகளும் இதைக் கட்டாயம் செய்யவேண்டும் என்பது என் எண்ணம். உப்புக் காற்றில் சசியை மட்டும் நம்பி வைக்கமுடியாது. வயரின் உறைக்குள்ளேயே செம்பு பச்சையாகி மாவாகிப் போவதைப் பழைய பின் லைற் வயரை வெட்டியபோது கண்ணால் பார்த்தேன். வெளியில் தொட்டால் புது வயர்போல் இருந்தது.

சரி, இரண்டாவது பழுது. இதைச் சொல்லும்போது இப்போதும் எனக்கு நெஞ்சு திக்கென்கிறது.

செவ்வாய்க்கிழமை காலை எஞ்சின் கனத்துச் சுற்றியது. பற்றறி இறங்கிவிட்டது என்று நினைத்து நாலைந்து தரம் தொடர்ந்து சாவியைத் திருப்பினேன். மூடியைத் திறந்து வைத்துப் பார்த்துக்கொண்டிருந்த மகன் "புகை, புகை!" என்றான். ஓடிப்போய்ப் பார்த்தால் அக்சிலேற்றர் கேபிளின் பிளாஸ்ரிக் உறை உருகிக்கொண்டிருந்தது. தொட்ட விரல் கொப்பளித்தது. அக்சிலேற்றர் கேபிளில் மின்சாரத்துக்கு என்ன வேலை?

இந்த வண்டியில் யாரோ முன்பு பற்றறியின் நெகட்டிவ் கேபிளை எஞ்சினில் பூட்டாமல் பொடியில் பூட்டி, அங்கிருந்து எஞ்சினுக்குச் செப்புப் பின்னல் பட்டை ஒன்றால் இணைத்திருந்தார்கள். எஞ்சின் ரப்பர் தாங்கிகளின்மேல் உட்கார்ந்திருப்பதால் அந்தப் பட்டை இல்லாவிட்டால் எஞ்சினுக்கு ஏர்த் கிடையாது. ஸ்டார்ட்டரைக் கழற்றியபோது அந்தப் பட்டையையும் கழற்றினேன், இடைஞ்சலாக இருந்தது. திரும்பப் பூட்டவில்லை. ஒரு டீசல் எஞ்சினைச் சுற்ற ஸ்டார்ட்டர் நூறு இருநூறு அம்பியருக்குமேல் இழுக்கும். அவ்வளவும் திரும்பிவர ஒரு வழியைத் தேடி, எஞ்சினையும் பொடியையும் தொட்டுக்கொண்டிருந்த மெல்லிய இரும்புக் கேபிளுக்குள் புகுந்திருக்கிறது. ஞாயிறு ஒரே சுற்றில் பிடித்ததால் ஒன்றும் தெரியவில்லை.

பட்டை வண்டிக்கு அடியில் செம்மண்ணில் கிடந்தது. வெறும் கையால் தடவி எடுத்தேன். அதன் இரு முனையும் உரஞ்சிப் பூட்ட முன், எவ்வளவு இழப்பு என்று பார்க்க மகனை ஒரு வினாடி மட்டும் ஸ்டார்ட் செய்யச் சொல்லி அளந்தேன். பற்றறி நெகட்டிவுக்கும் எஞ்சினுக்கும் இடையில் 4.1 வோல்ற். பூட்டிய பிறகு 0.15. எஞ்சின் உடனே சுறுசுறுப்பாகச் சுற்றியது.

பழுது அதோடு முடிந்ததென்று வண்டியை எடுத்திருந்தால் பெரிய ஆபத்து வந்திருக்கும். உருகிய உறைக்குள் கேபிள் ஒட்டிப்பிடித்து, மிதித்த அக்சிலேற்றர் திரும்பிவர மறுத்தது. சந்தைச் சனத்துக்குள் அப்படி நடந்தால் என்ன ஆகும் என்று யோசித்துப் பாருங்கள். கேபிளைப் புதிதாக வாங்கிப் போட்டேன். பற்றறியின் நெகட்டிவிலிருந்து நேரே எஞ்சினுக்குத் தடித்த கேபிள் ஒன்றும் போட்டேன். ஸ்டார்ட் செய்யும்போது கேபிளோ கம்பியோ எங்காவது சூடாவதைக் கண்டால் மறுபடி சாவியைத் திருப்பவேண்டாம்.

மூன்றாவது பழுது சத்தமில்லாதது. வியாழன் இரவு நிறுத்திய வண்டி சனி காலை ஸ்டார்ட் ஆகவில்லை. சார்ஜ் ஏற்றி வைத்தேன். இரண்டு இரவில் மறுபடி இறங்கியது. பற்றறி பழுது என்று எல்லாரும் சொன்னார்கள். புதுப் பற்றறி நாற்பதாயிரத்துக்குமேல். வாங்கினாலும் அதுவும் இரண்டு நாளில் இறங்கியிருக்கும். பற்றறியைத் தனியே கழற்றி இரண்டு நாள் கொட்டிலுக்குள் வைத்தேன். 12.6 வோல்ற் அப்படியே நின்றது. ஆகவே பற்றறி நல்லது, வண்டிதான் குடிக்கிறது.

இந்த இடத்தில் தண்ணீரைப் பற்றி ஒன்று. எங்கள் கிணற்றுத் தண்ணீர் சுண்ணாம்புக் கல்லில் ஊறி வருவது. கேத்தலின் அடியில் வெள்ளையாகப் படிவதைப் பார்த்திருப்பீர்கள். அதைப் பற்றறிக்கு ஊற்றவே கூடாது. காய்ச்சி வடித்த நீர் போத்தலில் விற்கிறார்கள். பற்றறி வெகுகாலம் நிற்க அதைவிட மலிவான வழி இல்லை.

கசிவைக் கண்டுபிடிக்க, நெகட்டிவ் கேபிளைக் கழற்றி, மீற்றரைப் பத்து அம்பியர் துவாரத்தில் வைத்து, கேபிளுக்கும் பற்றறிக்கும் இடையில் கோர்த்தேன். கதவுகள் மூடி, சாவி எடுத்து, ஒன்றும் போடாத நிலையில் இப்படியான பழைய வண்டி 0.05 அம்பியருக்குமேல் இழுக்கக்கூடாது. என்னுடையது 0.4 காட்டியது. ஒரு நாளைக்குப் பத்து அம்பியர் மணிக்குக் கிட்ட. ஏற்கெனவே பாதி களைத்த பற்றறிக்கு இரண்டு நாள் போதும். மீற்றர் கோர்த்திருக்கும்போது தவறியும் ஸ்டார்ட் செய்யவேண்டாம், மீற்றர் கருகும். அளந்து முடிந்ததும் வயரை வோல்ற் துவாரத்துக்கு மாற்றிவிடுங்கள். நான் மாற்றாமல் அப்படியே வோல்ற் அளக்கப் போய் மீற்றருக்குள் இருந்த பியூஸ் போனது. அதே பியூஸைத் தேட அரை நாள்.

பியூஸ் பெட்டியில் ஒவ்வொன்றாகக் கழற்றிக் கழற்றி மீற்றரைப் பார்ப்பதுதான் முறை. எந்தப் பியூஸை எடுக்கும்போது அளவு விழுகிறதோ, கசிவு அந்த வழியில். நான் எல்லாப் பியூஸையும் எடுத்துவிட்டேன். 0.4 அசையவே இல்லை. மனம் சோர்ந்து மூடிமேல் சாய்ந்து நின்றேன். ஒரு இரவு முழுக்க நின்ற வண்டி, எஞ்சின் பனியில் நனைந்து குளிர்ந்து கிடந்தது. தற்செயலாக அல்ரனேற்றரில் கை பட்டது. அது மட்டும் இளஞ்சூடாக இருந்தது, கோழி அடைகாத்து எழும்பிய முட்டைபோல.

ஒரு ஸ்பனரை அதன் கப்பி நட்டுக்குக் கிட்டக் கொண்டுபோனேன். ‘டக்’ என்று இழுத்து ஒட்டிக்கொண்டது. சாவி என் சட்டைப் பையில், ஆனால் அல்ரனேற்றருக்குள் காந்தம் உயிரோடு.

நொறுங்கிய கனெக்டரின் மூன்று வயருக்கும் வேறுவேறு வேலை. ஒன்று பற்றறி வோல்ற்றைப் பார்த்துக்கொண்டிருப்பது, அதற்கு எப்போதும் கரண்ட் இருக்கும். ஒன்று சாவி போட்டால் மட்டும் உயிர் பெறவேண்டியது. மூன்றாவது சார்ஜ் லைற்றுக்கு. எண்ணெயில் ஊறி நிறம் மங்கிய வயர்களை நான் ஊகத்தில் இணைத்தபோது முதல் இரண்டையும் மாற்றிவிட்டேன். அதனால் உள்ளே சார்ஜைக் கட்டுப்படுத்தும் ரெகுலேற்றர் இரவு பகலாக விழித்திருந்து காந்தச் சுருளுக்குக் கரண்ட் கொடுத்துக்கொண்டே இருந்தது. ஓடும்போது 14.1 வோல்ற் சார்ஜ் ஒழுங்காக வந்தது, சார்ஜ் லைற்றும் ஒழுங்காக அணைந்தது. சந்தேகப்பட ஒரு காரணமும் இல்லை. எப்போதும் கரண்ட் இருக்கும் அந்த வயர் பியூஸ் பெட்டிக்குப் போகாமல் பற்றறிப் பக்கத்துப் பெரிய பியூஸிலிருந்து நேரே வருகிறது. அதனால்தான் பெட்டியில் எதைக் கழற்றியும் அளவு இறங்கவில்லை.

இரண்டையும் மாற்றி இணைத்தேன். 0.4 இருந்த இடத்தில் 0.02. இம்முறை முறுக்கி டேப் சுற்றவில்லை. ஈயம் வைத்து, சூடு காட்டினால் சுருங்கும் குழாய் போட்டு, அதிராமல் கட்டினேன். பழைய வண்டிகளின் கனெக்டர்களைக் கழற்ற முதல் ஒரு தரம் போனில் படம் எடுத்துவையுங்கள். அதைவிட நல்லது, வயருக்குச் சின்னத் துண்டு ஒட்டி எழுதிவைப்பது. படத்தில் மங்கிய நிறம் இன்னும் மங்கலாகத்தான் தெரியும்.

கசிவைத் தேடிய நாட்களில் முன்பு இருந்தவர்கள் செய்த வேலைகளும் வெளியே வந்தன. ரேடியோவுக்கு வீட்டு வயரிங் கம்பி, ஒற்றைத் தடித்த செம்புக் கம்பியாக இருக்குமே, அதைப் போட்டிருந்தார்கள். மதிலுக்குள் அசையாமல் கிடக்க அது நல்ல கம்பி. வண்டியின் அதிர்ச்சியில் நாளடைவில் முறிந்துவிடும். முறிந்த முனை எதில் போய்த் தொடும் என்று யாருக்கும் தெரியாது. 15 அம்பியர் பியூஸ் ஒன்றின் இடத்தில் சிகரெட் பெட்டித் தகடு மடித்து வைத்திருந்தது. இதைச் செய்கிறவர்களிடம் கெஞ்சிக் கேட்கிறேன், செய்யாதீர்கள். பியூஸ் போகிறதென்றால் எங்கோ ஒரு வயர் உரஞ்சுப்பட்டுப் பொடியைத் தொடுகிறது. தகட்டை வைத்தால் பியூஸுக்குப் பதிலாக அந்த வயர் எரியும். அது எரியும் இடத்துக்குப் பக்கத்தில் டீசல் குழாய் போகும்.

மூன்று பழுதுகளுக்குமான பதில் முதல் நாளே என்னிடம் இருந்தது. அண்ணையின் கேள்வியைக் கேட்ட இரவு, சீமெந்துப் பையின் உட்பக்கத் தாளைக் கிழித்து, அந்தக் கிழமை நான் கழற்றிய ஒவ்வொரு போல்ட்டையும் வயரையும் ஞாபகம் இருந்த மட்டும் எழுதினேன். இருபத்தாறு இடம் வந்தது. பின் ஏர்த் போல்ட், எஞ்சின் பட்டை, அல்ரனேற்றர் கனெக்டர் மூன்றும் அதில் இருந்தன. பட்டைக்கு நேரே ‘பூட்டினேனா?’ என்று எழுதியிருந்தேன். அதையும் எழுதிவிட்டு அடுத்த நாள் பற்றறிக் கடைக்கு விலை கேட்கப் போனேன் என்பதுதான் எனக்கு இன்றைக்கும் கவலை. எழுதியதை வரிசையாகப் போய்ப் பார்த்திருந்தால் மூன்று மணித்தியாலத்தில் முடிந்திருக்கும்.

அந்தத் தாள் இப்போது கபினுக்குள் சூரிய மறைப்பின் பின்னால் செருகி இருக்கிறது. மகன் தானாகவே அதில் இன்னும் இரண்டு வரி சேர்த்திருக்கிறான். ஒன்று, புது அக்சிலேற்றர் கேபிள் போட்ட திகதி. மற்றது, இடது சிக்னல் போட்டால் டீசல் மீற்றரின் முள் லேசாகத் துடிக்கிறது என்பது. அதை நான் கவனிக்கவே இல்லை, அவன்தான் பக்கத்துச் சீற்றிலிருந்து கண்டுபிடித்தான். மீற்றர் போர்ட்டின் ஏர்த்தாக இருக்கும் என்பது என் ஊகம். அதுவும் வெள்ளையில் கறுப்புக் கோடுதான், ஸ்ரியரிங்குக்குக் கீழே இடது பக்கத்தில் ஒரு போல்ட்டில் போய்ச் சேருகிறது. ஞாயிற்றுக்கிழமை குலை ஏற்றம் இல்லை. எமறித் தாளும் பல்லு வாசரும் எடுத்து வைத்திருக்கிறேன்.